ஊர் சுற்றுவதற்காக முக்குளிப்பவர்கள்: ஓர் அட்டையின் வரலாறு

ஐ.டி. துறையில் பதினைந்து, இருபது வருஷம் தள்ளினவங்க யாரைக் கேட்டாலும் கைவசம் ஒரு தப்பிக்கும் திட்டம் வச்சிருப்பாங்க. சிலருக்கு இயற்கை விவசாயம், சிலருக்கு காபிக் கடை. கொஞ்ச வருஷமாக இந்தப் பட்டியலில் புதுசாக ஒன்று சேர்ந்திருக்கிறது: ஸ்கூபா டைவிங் இன்ஸ்ட்ரக்டர் ஆகிவிடுவது. ஆறு மாசம் தாய்லாந்து, ஆறு மாசம் எகிப்து, அப்புறம் ஹோண்டுராஸ். கடலுக்குள் பாடம் நடத்தி, அந்தக் காசிலேயே உலகத்தைச் சுற்றிப் பார்ப்பது.

இது நடக்குமா நடக்காதா என்பதைவிட, இப்படி ஒரு வாழ்க்கை எப்போதிலிருந்து சாத்தியமானது என்ற கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் கடலில் மூழ்கிச் சம்பாதிப்பது ரொம்பப் பழைய தொழில், அதுவும் நம்ம பக்கத்துத் தொழில். ஆனால் அந்தக் காலத்தில் முக்குளிப்பதற்காக ஊர் ஊராகப் போனார்கள். இப்போது ஊர் ஊராகப் போவதற்காக முக்குளிக்கிறார்கள். இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு அடிப்படை 1943க்கும் 1966க்கும் நடுவில் போடப்பட்டது. ஒரு கருவியும், சட்டைப் பையில் அடங்கும் ஓர் அட்டையும் அதைச் செய்தன.

மரிச்சுக்கட்டி, 1905

முதலில் பழைய கணக்கைப் பார்த்துவிடுவோம். மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் இருக்கிறது மரிச்சுக்கட்டி. மற்ற நாட்களில் காடும் மணலும்தான். முத்துச்சிப்பி விளைந்துவிட்டது என்று அரசாங்கம் அறிவித்தால் போதும், சில வாரங்களுக்கு அங்கே ஒரு நகரமே முளைக்கும். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் 300க்கும் மேற்பட்ட படகுகள், கிட்டத்தட்ட 5,000 முக்குளிப்பவர்கள். அள்ளிய சிப்பிகள் 8 கோடிக்கும் மேல். அடுத்த வருஷம், 1906இல், அந்த முகாமில் வேலை பார்த்த இளம் பிரிட்டிஷ் அதிகாரிகளில் ஒருவர் லியோனார்டு வுல்ஃப். பிற்காலத்தில் வர்ஜீனியா வுல்ஃபின் கணவர் ஆனவர்.

முக்குளித்தவர்கள் கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தார்கள். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகள்கூட வந்தார்கள். காலில் கல்லைக் கட்டி இறங்குவது, ஏறக்குறைய ஒரு நிமிஷம் மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்குவது, கயிற்றை இழுத்துச் சைகை கொடுத்தால் மேலே இருப்பவர் தூக்கிவிடுவது. கயிறு பிடிக்கிறவர் மைத்துனராகத்தான் இருப்பார், தங்கச்சி தாலி அவர் கையில் இருக்கிறதே என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வார்கள். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்குக் 'கடல்கட்டி' என்று தனியாக ஓர் ஆள். பாதுகாப்பு ஏற்பாடு என்றால் இவ்வளவுதான்.

சம்பளம் கிடையாது, பங்குதான். கரைக்கு வந்ததும் சிப்பிகளை மூன்று பங்காகப் பிரிப்பார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று முக்குளித்தவர்களுக்கு. இவர்களும் கடல் தாண்டிப் பயணம் செய்தவர்கள்தான். ஆனால் அதை யாரும் பயணம் என்று சொல்லவில்லை. பிழைப்பு என்றார்கள். சிப்பி எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டும், சிப்பி இல்லாத வருஷம் போக முடியாது. எங்கே போவது என்பதை முக்குளிப்பவர் தீர்மானிக்கவில்லை.

சமையல் வாயுவில் ஓடிய கார்

இனி கருவியின் கதை. 1940களில் ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்ஸில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. காரைச் சமையல் வாயுவில் ஓட்டலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார் ஏர் லிக்விட் நிறுவனத்தின் பொறியாளர் எமில் கான்யான். எஞ்சின் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு வாயுவை மட்டும் கொடுக்கும் ஒரு வால்வை அவர் செய்திருந்தார். கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவுக்கு வேண்டியிருந்ததும் அதேதான், எஞ்சினுக்குப் பதிலாக மனுஷனுடைய நுரையீரல் என்பதுதான் வித்தியாசம். 1943இல் இருவரும் சேர்ந்து 'அக்வா-லங்' கருவியைச் செய்து பார்த்தார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம்? தண்ணீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும். மேலே இருக்கும் அழுத்தத்திலேயே காற்றைக் கொடுத்தால், சில அடி ஆழத்திலேயே நெஞ்சு விரியாது. அந்தந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில், மூச்சு இழுக்கும்போது மட்டும் காற்று வர வேண்டும். இந்த வால்வு அதைத் தானாகச் செய்தது. மேலே யாரும் பம்ப் அடிக்க வேண்டாம், கயிறு பிடிக்க மைத்துனர் வேண்டாம். சிலிண்டரும் கம்ப்ரஸ்ஸரும் இருந்தால் போதும், எந்தக் கடலிலும் இறங்கலாம்.

கதை விற்றுக் கடல் பார்த்தவர்கள்

கருவி வந்த உடனே பயணம் சுலபமாகிவிடவில்லை. முக்குளித்து உலகம் சுற்ற ஆசைப்பட்ட முதல் தலைமுறைக்கு விற்பதற்கு ஒரே ஒரு சரக்குதான் இருந்தது: கதை.

ஆஸ்திரியாவின் ஹான்ஸ் ஹாஸ் இதற்கு நல்ல உதாரணம். ஸ்கூபா வருவதற்கு முன்பே, 1939இல், மாணவராக இருந்தபோது நண்பர்களோடு கரீபியன் கடலின் குராசோவுக்கும் பொனேருக்கும் கேமராவோடு போனார். நடுவில் உலகப் போர் தொடங்கி, வீடு திரும்புவதே பெரும்பாடாகிவிட்டது. புத்தகமும், உரைகளும், படங்களும்தான் அவருடைய அடுத்தடுத்த பயணங்களுக்குப் பணம் கொடுத்தன.

இன்னொரு உதாரணம் நமக்கு ரொம்பப் பக்கம். 1945இலேயே செயற்கைக்கோள் தொடர்பு பற்றி எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1954இல் ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டுகளுக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்பில் இறங்கிப் பார்த்தார். 1956இல் அங்கேயே குடிவந்துவிட்டார். வந்ததற்கு முக்கியக் காரணம் கடல். கூட்டாளி மைக் வில்சன். திருகோணமலை சுவாமி மலையின் அடிவாரக் கடலில் பழைய கோணேசர் கோயிலின் தூண்களையும் இடிபாடுகளையும் வில்சன் பார்த்தது அந்த வருஷம்தான். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோயில் அது. 1961இல் தெற்குக் கடலில் கிரேட் பாஸஸ் திட்டின் அருகே வில்சனும் கூட வந்த இரண்டு சிறுவர்களும் ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தார்கள்.

இவர்கள் 'அண்டர்வாட்டர் சஃபாரிஸ்' என்று ஒரு முக்குளிப்பு நிறுவனமும் நடத்தினார்கள். ஆனாலும் கிளார்க்குக்குச் சோறு போட்டது பேனாதான். வில்சன் 1962இல் 'ரன்முத்து துவ' என்ற படத்தை இயக்கினார். சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப்படம், கடலடிக் காட்சிகளோடு. (பிற்காலத்தில் அவர் கதிர்காமத்து முருக பக்தராகி, சுவாமி சிவகல்கி என்ற பெயரோடு இலங்கையிலேயே தங்கிவிட்டார். அதைத் தனிப்பதிவாகவே எழுதலாம்.)

கவனித்தீர்களா? ஹாஸ், கிளார்க், வில்சன் மூவருமே எழுத்தாளர், படைப்பாளி வகை. எழுதத் தெரியாத, படம் எடுக்கத் தெரியாத சாதாரண ஆளுக்கு இந்த வழி திறக்கவில்லை. அவருக்கு வேறு ஒரு சரக்கு தேவைப்பட்டது.

அட்டை பிறந்த கதை

அந்தச் சரக்கு பிறந்தது அமெரிக்காவில், விபத்துகளின் வழியாக. அக்வா-லங் கடைகளில் விற்பனைக்கு வந்ததும், கற்றுக்கொள்ளாமலே வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு குதித்தவர்கள் நிறையப் பேர். மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக மேலே வந்தால் நுரையீரல் கிழியும் என்பது பலருக்குத் தெரியாது. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் கான்ராட் லிம்பா தன் ஆராய்ச்சியாளர்களுக்காக ஒரு பயிற்சியை உருவாக்கினார். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் பூங்காத் துறை அதிலிருந்து கற்றுக்கொண்டு, 1954இல் பொதுமக்களுக்கான பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. பூங்காத் துறை! நம்ம ஊரில் மாநகராட்சி நீச்சல்குளத்தில் கோடைக்கால வகுப்பு நடத்துவது மாதிரிதான் இதன் ஆரம்பம்.

1958இல் 'சீ ஹன்ட்' தொலைக்காட்சித் தொடர் வந்ததும் ஆர்வம் இன்னும் எகிறியது. 1960இல் ஆல் டில்மன், நீல் ஹெஸ் முதலியோர் ஹூஸ்டனில் ஆசிரியர்களுக்கான பயிற்சியை நடத்தி என்.ஏ.யு.ஐ. அமைப்பைத் தொடங்கினார்கள். 1965இல் சிகாகோவில் நடக்க வேண்டிய ஆசிரியர் பயிற்சியை அந்த அமைப்பு ரத்து செய்தது. கவனம் கலிபோர்னியா பக்கம் போனதில் நடுப்பகுதி மாநிலத்துக்காரர்களுக்கு வருத்தம். அந்தப் பின்னணியில்தான் 1966இல் இலினாய் மாநிலத்தில் ஜான் க்ரோனின், ரால்ஃப் எரிக்சன் என்ற இரண்டு பேர் பி.ஏ.டி.ஐ. அமைப்பைத் தொடங்கினார்கள். க்ரோனின் முக்குளிப்புச் சாமான் விற்பனையாளர், எரிக்சன் நீச்சல் பயிற்சியாளர். ஒரு ஜானி வாக்கர் பாட்டிலும் 30 டாலர் முதலீடும்தான் ஆரம்பம் என்பது அந்த அமைப்பே பெருமையாகச் சொல்லும் கதை.

இவர்கள் செய்த முக்கியமான வேலை, பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தரப்படுத்தியது. தண்ணீருக்குள் கண்ணாடியில் புகுந்த தண்ணீரை ஊதி வெளியேற்றுவது, வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரைத் தேடிப் பிடிப்பது, காற்று தீர்ந்தால் துணைக்கு வந்தவரின் காற்றைப் பகிர்வது எல்லாம் வரிசைப்படுத்தப்பட்ட திறன்கள். முதல் படியில் 18 மீட்டர் ஆழம் வரை. அதை முடித்தவருக்குப் புகைப்படம் ஒட்டிய ஓர் அட்டை.

என் தொழில் பாஷையில் சொன்னால் இது ஒரு ஸ்டாண்டர்ட் இன்டர்ஃபேஸ். ஃப்ளோரிடாவில் வாங்கிய அட்டையை எகிப்தில் காட்டினால் சிலிண்டர் வாடகைக்குக் கிடைக்கும். அதைவிடப் பெரிய விளைவு ஒன்று உண்டு. ஆசிரியர் அட்டை வைத்திருப்பவர் எந்த ஊர்க் கடையிலும் மறுநாள் காலையே வகுப்பு எடுக்கலாம், பாடம் அதே பாடம்தானே. யூ.எஸ்.பி. மாதிரி, ஆளைக் கழற்றி வேறு தீவில் செருகிவிடலாம். கதை சொல்லத் தெரியாத ஆளுக்கும் இப்போது விற்க ஒரு சரக்கு கிடைத்துவிட்டது.

காற்றைப் பின்தொடர்ந்து

சரக்கு கிடைத்தது, சந்தை? அதையும் பயணிகளே உருவாக்கினார்கள். 1962இல் டான் ஸ்டீவர்ட் என்ற அமெரிக்கர் ஒரு பாய்மரக் கப்பலில் பொனேர் தீவுக்கு வந்து இறங்கினார். ஹான்ஸ் ஹாஸ் 1939இல் போன அதே தீவு. வந்தவர் போகவேயில்லை. 'கேப்டன் டான்' என்று பெயர் எடுத்து, முக்குளிக்க வருபவர்களை நம்பியே ஒரு தொழிலை அங்கே வளர்த்தார். 1979இல் பொனேரைச் சுற்றியுள்ள கடல் பாதுகாக்கப்பட்ட பூங்காவானது.

இன்னும் வேடிக்கை தாய்லாந்தின் கோ தாவ். சுமார் 21 சதுர கிலோமீட்டர்தான் தீவு. 1933 முதல் 1947 வரை அரசியல் கைதிகளை அடைத்துவைத்த இடம். இன்று உலகிலேயே அதிகமாக முக்குளிப்பு அட்டைகள் வழங்கப்படும் இடங்களில் ஒன்று. ஆட்களைத் தப்பிக்க விடாமல் வைத்திருந்த தீவுக்கு, இப்போது ஆபீஸிலிருந்து தப்பிக்க ஆட்கள் வருகிறார்கள்.

இந்த ஆசிரியர்களின் பயணத் திட்டத்தை யார் போடுகிறார்கள் என்று பார்த்தால், பருவக்காற்றுதான். அந்தமான் கடல் பக்கத்து சிமிலான் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடப்படும். இலங்கைக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். ஹிக்கடுவ பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, அப்புறம் கடல் கொந்தளித்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு திருகோணமலை, நிலாவெளிப் பக்கம். மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்ததும் கடல் அமைதியாக இருக்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையான இடைவெளியில்தான். அதாவது சிப்பிக்குப் பதிலாகச் சுற்றுலாப் பயணி வந்தாரே தவிர, காற்று சொன்ன இடத்துக்குப் போகும் கட்டாயம் அப்படியே இருக்கிறது.

யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள்?

இப்போது கணக்குக்கு வருவோம். ஆசிரியர் ஆவதற்குப் பல படிகள். முதல் நிலை, மேல்நிலை, மீட்புப் பயிற்சி, டைவ்மாஸ்டர், அதற்கப்புறம் ஆசிரியர் பயிற்சியும் தேர்வும். பி.ஏ.டி.ஐ. விதிப்படி ஆசிரியர் தேர்வுக்கு 100 முக்குளிப்புகள் பதிவாகியிருக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் கட்டணம், ஒவ்வொரு அட்டைக்கும் கட்டணம், அதன்பின் வருடாந்திர உறுப்பினர் சந்தா, காப்பீடு. டைவ்மாஸ்டர் பயிற்சியில் இருப்பவர்கள் கடையில் சிலிண்டர் தூக்கி, ரெகுலேட்டர் கழுவி, சம்பளமில்லாமல் உழைப்பதும் சகஜம்.

இப்படி ஆசிரியர் ஆனவருக்குப் பல இடங்களில் நிலையான சம்பளம் இருக்காது. எத்தனை மாணவர்களுக்குப் பாடம் எடுத்தாரோ அதற்கேற்ற கமிஷன். சில கடைகளில் தங்க இடம். மாணவர் வராத வாரம், காசும் வராது. மறுபடியும் பங்குத் தொழில்தான்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடைகளுக்கு முதல் நிலைப் பாடம் விற்பதைப்போலவே ஆசிரியர் பயிற்சி விற்பதும் நல்ல வருமானம். அதனால் அழகான தீவுகள் ஆசிரியர்களை வேலைக்கு எடுக்கும் இடங்களாக மட்டும் இல்லை, ஆசிரியர்களைத் தயாரிக்கும் இடங்களாகவும் இருக்கின்றன. அதே கடற்கரையில் அடுத்த பேட்ச் இறங்கும்போது, முந்தைய பேட்ச்சின் பேரம் பேசும் பலம் குறையத்தானே செய்யும்? எஞ்சினியரிங் காலேஜ் கதை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 30 டாலரில் தொடங்கிய பி.ஏ.டி.ஐ. 2017இல் கைமாறியபோது செய்திகளில் வந்த விலை சுமார் 70 கோடி டாலர். அந்த மதிப்பின் ஒரு பகுதி, உலகம் சுற்ற ஆசைப்பட்டவர்கள் படிப்படியாகக் கட்டிய கட்டணம்.

இன்னொரு அட்டையும் இருக்கிறது, அதை எந்தப் பயிற்சி அமைப்பும் தராது: பாஸ்போர்ட். முக்குளிப்பு வரலாற்றில் இது புதிய சிக்கல் இல்லை. 1901இல் வெள்ளையர் அல்லாதவர்களை வடிகட்ட ஆஸ்திரேலியா குடியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் புரூம் நகரத்து முத்துச்சிப்பித் தொழிலுக்கு ஜப்பானியர்களும் மலாய்க்காரர்களும் தேவைப்பட்டார்கள். அதனால் அவர்களுக்கு மட்டும் விலக்கு. கடலுக்குள் இறங்கலாம், குடிமகன் ஆக முடியாது. புரூமின் ஜப்பானியர் கல்லறைத் தோட்டத்தில் 900க்கும் மேற்பட்டவர்கள் கிடக்கிறார்கள்.

இன்றைய நிலைமை அவ்வளவு கொடூரம் இல்லை. ஆனாலும் ஒரே அட்டை வைத்திருக்கும் ஜெர்மன்காரரும் மதுரைக்காரரும் ஒரே வரிசையில் நிற்கவில்லை. அவருக்குப் பல தீவுகளில் இறங்கியபின் வேலை தேடலாம். நமக்கு முதலில் விசா, அப்புறம்தான் விமானம், வேலை அனுமதி எல்லாம். ஆகவே இந்தியர்கள் பலருக்கு இந்த வேலையின் நடைமுறை எல்லை அந்தமானின் ஹேவ்லாக் (இப்போது சுவராஜ் தீவு), லட்சத்தீவு, புதுச்சேரி என்று அமைகிறது. ஹேவ்லாக் கடைகளில் கரேன் இன இளைஞர்கள் பலர் வேலை செய்கிறார்கள். 1920களில் பர்மாவிலிருந்து அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். அவர்களுக்குக் கடல் தப்பிக்கும் திட்டம் இல்லை, சொந்த ஊர்.

அப்படியானால் போகலாமா?

போகலாம். இதெல்லாம் போகாதே என்று சொல்லும் வரலாறு இல்லை. எழுத்தாளராகவோ கடற்படை அதிகாரியாகவோ இல்லாத ஒருவர், கைத்தொழிலை நம்பிக் கண்டம் விட்டுக் கண்டம் போகலாம் என்ற வழி நிஜமாகவே திறந்தது. அந்தக் காலத்து முக்குளிப்பவருக்குக் கிடைக்காத ஒன்று இவருக்கு இருக்கிறது: எந்தக் கடல் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. பருவக்காற்றும் விசாவும் அனுமதிக்கும் அளவுக்காவது.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள், அவ்வளவுதான். எல்லாப் படிகளுக்கும் சேர்த்து எவ்வளவு செலவு, அதைக் கமிஷனில் மீட்க எத்தனை சீசன், உங்கள் பாஸ்போர்ட்டுக்கு எந்த நாடு வேலை அனுமதி தரும், கடல் மூடியிருக்கும் மாதங்களில் எதில் சாப்பிடுவீர்கள், காது அடைத்துக்கொண்டால் எத்தனை நாள் வருமானம் போகும். மரிச்சுக்கட்டிக்குப் போன கீழக்கரைக்காரருக்கு இறங்குவதற்கு முன்பே தெரியும், மூன்றில் ஒன்று தன்னுடையது என்று. தீவில் இறங்கும் ஆசிரியரும் தன் பங்கு எவ்வளவு என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கடைசியாக ஒரு சின்னத் தகவல். தொடர்ச்சியாக முக்குளித்தவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணிநேரம் காத்திருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு அறிவுரை. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மெதுவாக வெளியேற அவகாசம் வேண்டும். அதனால் ஒரு தீவை விட்டு அடுத்த தீவுக்குக் கிளம்பும் ஆசிரியர், கிளம்புகிற நாளில் கடலில் இறங்க முடியாது. கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.